மென்னோனைட் சபைக்குத் தனி நூலகம் எதற்கு? ஓர் ஆய்வு மாணவருக்குப் பதில்

சபை வரலாற்றில் எம்.டிஎச். (இறையியல் முதுகலை) செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அனபாப்டிஸ்டுகளைப் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறேன். இவர்களுக்கென்றே அமெரிக்காவில் தனி இறையியல் நூலகங்கள் இருக்கின்றன, அங்கே தேடு என்கிறார் என் வழிகாட்டி. இவ்வளவு சிறிய சபைக்குத் தனி நூலகம் எதற்கு? நல்ல பொதுவான இறையியல் நூலகத்தில் இல்லாதது அங்கே என்ன இருந்துவிடும்?” அனபாப்டிஸ்டுகள் என்பது, வயது வந்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்று பதினாறாம் நூற்றாண்டில் பிரிந்து நின்ற கிறிஸ்தவ இயக்கம்; மென்னோ சைமன்ஸ் பெயரால் அழைக்கப்படும் மென்னோனைட்டுகள் அதன் ஒரு பெரிய கிளை. கேள்வியைத் திரும்பப் படித்தால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பது தெரிகிறது. ஒரு சபை தன்னைப் பற்றித் தானே சேர்த்துவைத்த நூல்களை ஆய்வாளர் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஒன்று. இங்கே உட்கார்ந்துகொண்டு அவற்றைப் பயன்படுத்த வழி உண்டா என்பது மற்றொன்று. மூன்றையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் படித்தது நூலக அறிவியலும் சபை வரலாறும். வேலை பார்த்ததெல்லாம் இறையியல் கல்லூரி நூலகங்களில். சீர்திருத்தக் கால நூல்களைப் பட்டியலிடும் பணியில் இருந்தபோது இண்டியானா மாநிலத்தில் கோஷன் கல்லூரியில் உள்ள மென்னோனைட் வரலாற்று நூலகத்தில் சில காலம் உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. எனக்கு ஜெர்மன் ஓரளவு வரும், டச்சு வராது. ஆகவே நெதர்லாந்து மென்னோனைட்டுகளைப் பற்றி நான் சொல்பவை மொழிபெயர்ப்புகளின் வழியாக அறிந்தவை; அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த இயக்கத்தின் ஆரம்பகாலச் சான்றுகளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் அதன் விரோதிகள். தனி நூலகம் ஏன் என்பதற்கு முதல் காரணம் இதுதான். லூத்தர் எழுதியதை லூத்தர் பக்கத்து அச்சகங்களே சுடச்சுட அச்சிட்டுப் பரப்பின. கால்வினுக்கு ஜெனீவா நகரமே பின்னால் நின்றது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கூடாது, விசுவாசத்தை அறிக்கையிடும் வயது வந்தவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சொன்ன இந்தக் கூட்டத்தைக் கத்தோலிக்க அரசுகளும் துரத்தின, சீர்திருத்த அரசுகளும் துரத்தின. பெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரி 5-ஆம் தேதி சூரிக் நகரத்து லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். தீர்ப்பு சொன்னது சுவிங்லியின் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நகர மன்றம். மிகேல் சட்லர் அதே ஆண்டு பிப்ரவரியில் ஷ்லைட்ஹைமில் ஏழு பிரிவுகள் கொண்ட விசுவாச அறிக்கையை வகுத்தார்; மே மாதம் ரோட்டன்பர்க்கில் உயிரோடு எரிக்கப்பட்டார். இப்படிச் செத்துக்கொண்டிருந்தவர்கள் ஆவணக் காப்பகம் வைத்திருக்க முடியுமா? அவர்கள் பேசியது நமக்குக் கிடைப்பது விசாரணைப் பதிவுகளில். அதுவும் அதிகாரி கேட்ட கேள்விக்கு, பல நேரம் சித்திரவதையின் நடுவே, எழுத்தர் தம் மொழியில் குறித்துக்கொண்ட பதிலாக.

ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1525 ஜனவரி 21-ஆம் தேதி இரவு சூரிக்கில் ஒரு வீட்டில் சிலர் கூடினார்கள். ஜார்ஜ் பிளாவ்ராக் எழுந்து, தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கொன்ராட் கிரேபெலைக் கேட்டார். பிறகு பிளாவ்ராக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். இது எல்லாப் பாடநூலிலும் இருக்கும். இதில் உறுதியானது எது? சூரிக் மன்றம் ஜனவரி 18-ஆம் தேதி, பிள்ளைகளுக்கு எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்காதவர்கள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது உறுதி. 21-ஆம் தேதி கிரேபெலும் மான்ஸும் இனிக் கூட்டம் நடத்தக் கூடாது என்று வாயை அடைத்ததும் உறுதி. அடுத்த சில நாட்களில் பக்கத்துக் கிராமமான சொலிக்கோனில் விவசாயிகள் பலர் ஞானஸ்நானம் பெற்றதும், அவர்களைப் பிடித்து விசாரித்ததும் நகரப் பதிவுகளில் ஆள் பெயரோடு இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டுக்குள் யார் எழுந்து நின்றார், என்ன கேட்டார் என்ற காட்சியோ, அனபாப்டிஸ்டுகளின் இன்னொரு கிளையாக மொராவியாவில் வாழ்ந்த ஹட்டரைட்டுகள் தங்கள் வரலாற்றை எழுதிவைத்த பெரிய நாளாகமத்திலிருந்து வருகிறது. அது சம்பவம் நடந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. நேரில் பார்த்தவர் யாரோ சொன்ன செய்தி அதற்குள் இருப்பதாகத்தான் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். என்றாலும் ஆய்வேட்டில் இந்த இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதக் கூடாது.

இதைச் சரிபார்க்க உங்களுக்கு மூன்று நூல்கள் ஒரே மேசையில் வேண்டும்: சூரிக் நகர விசாரணைப் பதிவுகளின் பதிப்பு, ஹட்டரைட் நாளாகமம், இவர்களை எதிர்த்து சுவிங்லியும் அவருக்குப் பின்வந்த புல்லிங்கரும் எழுதியவை. பொதுவான இறையியல் நூலகத்தில் சுவிங்லி இருப்பார். விசாரணைப் பதிவுகள் இருப்பது அபூர்வம். நாளாகமம் இருப்பது அதைவிட அபூர்வம். சிறப்பு நூலகம் இந்த மூன்றையும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைத்திருக்கிறது. விரோதி எழுதியதையும் அது சேர்க்கிறது என்பதைக் கவனியுங்கள். சபைப் பெருமைக்காக மட்டும் நூல் சேர்க்கிறவர்கள் புல்லிங்கரைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

இரண்டாவது காரணம், இவர்கள் சிதறிப் போனது. சுவிட்சர்லாந்திலிருந்து ரைன் கரைக்கும் அங்கிருந்து பென்சில்வேனியாவுக்கும் ஒரு பாதை. நெதர்லாந்திலிருந்து விஸ்துலா ஆற்றுப் படுகைக்கும், 1789 முதல் ரஷ்யப் பேரரசில் இருந்த இன்றைய உக்ரைனுக்கும், 1870-களில் கான்சஸுக்கும் மானிடோபாவுக்கும் இன்னொரு பாதை. ஹட்டரைட்டுகள் மொராவியா, ஸ்லோவாக்கியா, டிரான்சில்வேனியா, உக்ரைன் என்று அலைந்து 1874-ல் அமெரிக்கா வந்தார்கள். அச்சிட வழியில்லாத காலத்தில் கையால் படியெடுத்த பிரசங்கக் கையேடுகளைக் கூடவே சுமந்து வந்தார்கள். 1693-ல் யாக்கோபு அம்மானோடு பிரிந்தவர்கள் அமிஷ் ஆனார்கள். மொழி, எழுத்து, நாடு எல்லாம் மாறிக்கொண்டே போன ஒரு மக்களின் நூல்கள் எந்தத் தேசிய நூலகத்திலும் முழுதாக இருக்காது.

பட்டியலிடுகிறவர்களுக்கு மட்டும் கண்ணில் படும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் அனபாப்டிஸ்டுகளுக்கு 284.3, மென்னோனைட்டுகளுக்கு 289.7. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பில் அனபாப்டிஸ்டுகள் பி.எக்ஸ். 4929-லிருந்து தொடங்குகிறார்கள், மென்னோனைட்டுகள் பி.எக்ஸ். 8101-லிருந்து. ஆக, 1536-ல் கத்தோலிக்கக் குருப்பட்டத்தை விட்டு வெளியே வந்த மென்னோ சைமன்ஸ் ஒரு அலமாரியிலும், அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால் செத்த மான்ஸ் வேறோர் அலமாரியிலும் இருப்பார்கள். நடுவில் பாப்டிஸ்டுகள், மெதடிஸ்டுகள் எல்லாரும் வரக்கூடும். உங்கள் கல்லூரி நூலகத்தில் தேடும்போது இரண்டு இடங்களிலும் பாருங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிப் போன மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோஷன் நூலகத்தின் கதை 1906-ல், கல்லூரியின் பழைய மாணவர்கள் மென்னோனைட் நூல்களைச் சேர்க்க எடுத்த முடிவில் தொடங்குகிறது. ஆனால் அதை ஆய்வு நூலகமாக ஆக்கியது 1924-ல் அங்கே ஆசிரியராக வந்த ஹெரால்ட் பெண்டரும், ஜெர்மனியிலிருந்து வந்த பொருளாதார வரலாற்றாளர் எர்ன்ஸ்ட் கோரெலும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவிலிருந்து பழைய நூல்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தன. 1927-ல் அங்கிருந்தே மென்னோனைட் குவார்ட்டர்லி ரிவ்யூ என்ற ஆய்விதழைத் தொடங்கினார்கள், இன்றும் வருகிறது. 1955 முதல் 1959 வரை நான்கு தொகுதிகளாக வந்த மென்னோனைட் கலைக்களஞ்சியத்துக்கும் பெண்டரே முதன்மை ஆசிரியர். நூலகம், இதழ், கலைக்களஞ்சியம் மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கி வளர்ந்தன. அங்கே இன்னொரு கூட்டமும் வருவதைப் பார்க்கலாம். கோஷனைச் சுற்றியுள்ள பகுதி அமெரிக்காவின் மிகப் பெரிய அமிஷ் குடியிருப்புகளில் ஒன்று. அமிஷ், மென்னோனைட் வம்சாவளி நூல்கள் வரிசை வரிசையாக அங்கே இருக்கின்றன. தன் பாட்டனாரின் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடுகிறவரும், பதினாறாம் நூற்றாண்டுத் துண்டுப் பிரசுரத்தைத் தேடுகிறவரும் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே கையில் எடுத்துப் பார்த்ததில் ஒரு நூலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தீலேமான் ஃபான் பிராக்ட் 1660-ல் டச்சில் தொகுத்த இரத்தசாட்சிகளின் கண்ணாடி, கொல்லப்பட்ட விசுவாசிகளின் வரலாறுகளையும் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களையும் கொண்ட பெரும் தொகுப்பு. 1685 பதிப்புக்கு யான் லாய்க்கன் 104 செப்புத்தகட்டுச் சித்திரங்கள் செய்தார். 1740-களில் போர் வரும் என்ற அச்சம் பென்சில்வேனியாவில் பரவியபோது, ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற கொள்கையில் பிள்ளைகள் நிலைத்து நிற்க இந்த நூல் ஜெர்மனில் வேண்டும் என்று அங்கிருந்த மென்னோனைட்டுகள் ஆம்ஸ்டர்டாம் சகோதரர்களுக்கு எழுதினார்கள். உதவி வந்து சேரவில்லை. கடைசியில் எஃப்ராட்டா என்ற இடத்தில் துறவு வாழ்க்கை நடத்திய வேறொரு கிறிஸ்தவக் குழுவினர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். பீட்டர் மில்லர் மொழிபெயர்க்க, பதினைந்து பேர் மூன்றாண்டு உழைத்து, தங்கள் ஆலையிலேயே தாள் செய்து, 1748-49-ல் சுமார் 1,300 பிரதிகள் அச்சிட்டார்கள். சுதந்திரத்துக்கு முந்தைய அமெரிக்காவில் அச்சான நூல்களில் இதுதான் மிகப் பெரியது.

அந்த நூலைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். மரப்பலகை அட்டை, மேலே தோல், ஓரத்தில் பித்தளைக் கொக்கி. தாள் நம் காலத்துத் தாளைவிடத் தடிமன். விரல் வைத்தால் நார் தட்டுப்படும். எழுத்தோ பழைய ஜெர்மன் முறுக்கெழுத்து. பழகாத கண்ணுக்கு முதல் வாரம் தலைவலிதான். இந்தப் பதிப்பின் விற்காத தாள்களைத்தான் அமெரிக்க விடுதலைப் போரின்போது படைவீரர்கள் வந்து தோட்டாக்களுக்குச் சுற்றும் தாளாக எடுத்துப் போனார்கள். வாள் எடுக்க மறுத்துச் செத்தவர்களின் சாட்சியம் துப்பாக்கிக்குள் போனது. இதெல்லாம் எண்ணியல் பிரதியில் தெரிய வராது. நூலின் உள்ளடக்கத்துக்கு இணையத்தில் கிடைக்கும் பிரதி தாராளமாகப் போதும். நூல் எப்படிச் செய்யப்பட்டது, யார் கையில் புழங்கியது என்பதற்கு மட்டும் அசல் வேண்டும். உங்கள் ஆய்வு இரண்டில் எதைப் பற்றியது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் வீண் செலவு குறையும்.

நம்பகத்தன்மைக்கு வருகிறேன். இது உங்கள் கேள்வியின் கனமான பகுதி. 1943 டிசம்பரில் அமெரிக்கச் சபை வரலாற்றுச் சங்கத்தின் தலைவர் உரையாக பெண்டர் ‘அனபாப்டிஸ்ட் தரிசனம்’ என்ற பேச்சை நிகழ்த்தினார். சீஷத்துவம், சகோதரத்துவமான சபை, அன்பும் எதிர்த்து நில்லாமையும் ஆகிய மூன்றுமே அசல் அனபாப்டிசம். அது சூரிக்கில் பிறந்தது. 1534-35-ல் மியூன்ஸ்டர் நகரைப் பிடித்து வாளால் ஆண்ட அனபாப்டிஸ்டுகள் இந்த வரிசையில் சேர மாட்டார்கள் என்பது அதன் சாரம். அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. படையில் சேர மறுத்த சுமார் 12,000 இளைஞர்கள் அமெரிக்காவில் மாற்றுப் பொதுச்சேவை முகாம்களில் வேலை செய்தார்கள். அவர்களில் மென்னோனைட்டுகளே பெருந்தொகை. அந்தப் பையன்களுக்கு நிற்க ஒரு தரை வேண்டியிருந்தது. பெண்டர் கொடுத்தார். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வரலாறாக அது ஒருபக்கச் சாய்வு உள்ளது. 1975-ல் ஜேம்ஸ் ஸ்டேயர், வெர்னர் பக்குல், கிளவுஸ் டெப்பர்மான் மூவரும் எழுதிய கட்டுரை, சுவிஸ், தெற்கு ஜெர்மன், டச்சுப் பகுதிகளில் இந்த இயக்கம் தனித்தனியாக முளைத்தது, ஒரே வேர் என்பது நிற்காது என்று காட்டியது. அந்தக் கட்டுரை வெளியான இடம் எது? பெண்டர் தொடங்கிய அதே மென்னோனைட் குவார்ட்டர்லி ரிவ்யூ. நிறுவனரின் முடிவை மறுப்பதற்கு அவர் கட்டிய இதழே இடம் கொடுத்தது. நான் இந்த நூலகங்களை மதிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஒரே வேரா, பல வேர்களா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பல வேர்கள் என்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து. ஆனால் அந்தப் பகுதிகளுக்குள் ஆட்களும் கடிதங்களும் போய்வந்ததை அது குறைத்து மதிப்பிடுகிறது என்பாரும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது.

சபைக்குச் சங்கடமான விஷயங்களிலும் இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஜான் ஹோவர்ட் யோடரை எந்த இறையியல் மாணவரும் படிக்காமல் தப்ப முடியாது. மென்னோனைட் சமாதான இறையியலை உலகறியச் செய்தவர். அவர் பல பெண்களிடம் பல ஆண்டுகள் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதும், அதைச் சபை நிறுவனங்கள் கையாண்ட விதமும் ஆவணங்களின் அடிப்படையில் 2015-ல் இதே இதழில் விரிவாக வெளிவந்தன. கான்சஸில் உள்ள பெத்தேல் கல்லூரி 2018-ல் மென்னோனைட்டுகளுக்கும் யூத இனப்படுகொலைக்கும் இருந்த தொடர்பைப் பற்றியே ஒரு மாநாடு நடத்தியது. இவை தாமதமாக வந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழைய கலைக்களஞ்சியக் கட்டுரைகளைப் பயன்படுத்தும்போது ஆண்டைப் பாருங்கள் என்பது இதனால்தான்: 1950-களின் கட்டுரை 1950-களின் மௌனத்தையும் சேர்த்தே சுமந்து வரும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தரும் குறை வேறொன்று. இன்று உலகம் முழுக்க 21 லட்சத்துக்கு மேற்பட்ட அனபாப்டிஸ்ட் விசுவாசிகள் இருக்கிறார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காக்காரர்கள். அலமாரிகளோ இன்னும் ஜெர்மன், டச்சு, ஆங்கிலத்தால் நிறைந்திருக்கின்றன. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவிலிருந்து ஆபிரகாம் ஃப்ரீசன் 1889-ல் புறப்பட்டு நல்கொண்டா பகுதிக்கு வந்தார். அமெரிக்க மென்னோனைட் மிஷன் 1899-ல், பஞ்சத்தை ஒட்டி, இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தம்தரிக்கு வந்தது. அதே காலத்தில் மென்னோனைட்டுகளின் ஒரு பிரிவான மென்னோனைட் பிரதரன் சபையின் மிஷனரிகள் ஹைதராபாத் சமஸ்தானத்துக்கு வந்தார்கள். மகபூப்நகர், ஷம்ஷாபாத் வட்டாரங்களில் அந்தச் சபைகள் இன்றும் பெரியவை. 1997-ல் உலக மென்னோனைட் மாநாடு கொல்கத்தாவில் கூடியது. இவ்வளவு இருந்தும் அமெரிக்கக் காப்பகங்களில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிஷனரி வீட்டுக்கு எழுதிய கடிதம், குழுவுக்கு அனுப்பிய அறிக்கை, புகைப்படம். அறிக்கையில் “உள்ளூர் உதவியாளர்” என்று வரும் தெலுங்கு ஊழியரின் சொந்தக் குரல், பழைய சபைப் பதிவேடுகளிலும் குடும்பப் பெட்டிகளிலும் இருக்கிறது, அல்லது அழிந்துகொண்டிருக்கிறது. கோஷனில் 2011-ல் உலகளாவிய அனபாப்டிச ஆய்வுக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள், நல்ல தொடக்கம். பல நூற்றாண்டு இடைவெளியை அது மட்டுமே அடைத்துவிடாது. பதினாறாம் நூற்றாண்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லையென்றால், ஒருமுறை மகபூப்நகர் போய்ப் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளருக்கு எட்டாத சான்று உங்களுக்கு ஒரு ரயில் பயணத்தில் எட்டும்.

கடைசியாக, வேலையை எங்கே தொடங்குவது. கேமியோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உலக அனபாப்டிஸ்ட் மென்னோனைட் இணையக் கலைக்களஞ்சியம் இலவசம். பழைய நான்கு தொகுதிகளும் 1990-ல் வந்த ஐந்தாம் தொகுதியும் அதற்குள் இருக்கின்றன, புதிதாக எழுதிச் சேர்ப்பதும் நடக்கிறது. ஒவ்வொரு கட்டுரையின் அடியில் உள்ள நூற்பட்டியலே உங்கள் முதல் வாசிப்புப் பட்டியல். மென்னோனைட் குவார்ட்டர்லி ரிவ்யூ, இறையியல் இதழ்களுக்கான அட்லா தரவுத்தளத்தில் வருகிறது. உங்கள் கல்லூரிக்குச் சந்தா உண்டா என்று நூலகரைக் கேளுங்கள். அதற்குமேல் நேரடியாக எழுத வேண்டியிருந்தால் எந்த நூலகத்துக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுங்கள். சுவிஸ், அமிஷ் வரலாற்றுக்கும் பழைய அச்சு நூலுக்கும் கோஷன். ரஷ்யாவிலிருந்து வந்தவர்களுக்குக் கான்சஸ் பெத்தேல் கல்லூரி அல்லது கனடாவின் வின்னிபெக். ஜெர்மனிக்குப் பாலட்டினேட் பகுதியில் வையர்ஹோஃப் ஆய்வகம். டச்சு நூல்களுக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் மென்னோனைட் சபை நூலகம். சமகால இறையியலுக்கு எல்கார்ட்டில் உள்ள அனபாப்டிஸ்ட் மென்னோனைட் செமினரி. தம்தரி மிஷன் காகிதங்கள் உள்ள சபைக் காப்பகமும் 2017-ல் கோஷனிலிருந்து எல்கார்ட்டுக்கு மாறிவிட்டது. தெலங்கானா என்றால் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ நகரத்து மென்னோனைட் பிரதரன் ஆய்வு மையம். மின்னஞ்சலில் “அனபாப்டிஸ்டுகள் பற்றி ஏதாவது அனுப்புங்கள்” என்று எழுதினால் மரியாதையான இரண்டு வரிப் பதில்தான் வரும். எந்த ஆள், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த நூலின் எத்தனையாவது பக்கத்துக் குறிப்பிலிருந்து இந்தத் தேடல் பிறந்தது, உங்களுக்கு எந்த மொழிகள் வரும் என்று எழுதுங்கள். அப்படி எழுதிய மாணவர்களுக்குச் சில பக்கங்களைப் படியெடுத்தே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். தலைப்பை இறுதி செய்த பிறகு, எந்த நூற்றாண்டு, எந்தப் பகுதி என்று இங்கேயே எழுதுங்கள். நூல்களைக் குறிப்பாகச் சொல்ல அப்போது வசதியாக இருக்கும்.